நூர்நிஷாவின் நிழல்செடி

சார்ஜா
9 ஜூன் 2024

நூர்நிஷாவுக்கு ஆசிக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சத்தம் போட்டேன் என்று நீ போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாய். அதனால் ஊருக்கு வருகிற ரபீக் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உம்மா நாக்கும் உதடும் வீங்கி, பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள். ஏதோ செடியின் பால் வாயில் பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். நம் வீட்டில் அப்படிப்பட்ட செடி உன்னுடைய டிஃபன்பேக்கியா ஒன்றுதான். பச்சையில் வெள்ளை தெளித்த மாதிரி இலை என்று வீடியோ காலில் காட்டிக்காட்டிப் பெருமைப்பட்டாயே, அதேதான். அதன் பால் உம்மா வாய்க்குள் எப்படிப் போயிற்று?

மாஜிதா அழுகிறாள். "மதினி அரைச்ச தொவையலத் தின்ன பெறவுதான் உம்மாக்கு இப்படி ஆச்சு. நான் வேற என்னத்த நெனைக்க?" என்கிறாள். என் தங்கை பொய் சொல்லுகிறவள் இல்லை.

உம்மா எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. நடந்ததை மறைக்காமல் எழுது.

ஆசிக்


தென்காசி
20 ஜூன் 2024

அன்புள்ள மச்சானுக்கு, சலாம். நீங்கள் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இந்த வெயிலில் வெளிவேலை கொடுக்கிறார்களா? தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. மாமிக்கு வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று கஞ்சி குடித்தார்கள். அன்றைக்கு அவர்கள் வாயைப் பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். இதை மாஜிதா சொல்லியிருக்க மாட்டாள்.

செடியை இலஞ்சி நர்சரியில் வாங்கினேன். நேர்வெயில் பட்டால் இலை கருகிப்போகும். இருட்டில் வைத்தால் வெள்ளை மங்கிவிடும். அதனால்தான் கூடத்தில் வடக்கு ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவேன். சாரல் காலத்தில் அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகிவிடும். அதன் பாலைப் பற்றியும் எனக்குத் தெரியும். யாரும் தொட வேண்டாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று வாங்கி வந்த அன்றே வீட்டில் சொன்னேன்.

அந்தத் துவையலை நானும் தின்றேன், மாஜிதாவும் தின்றாள். எங்கள் வாய் வீங்கவில்லையே. பால் எப்படிப் பட்டது என்று எனக்கும் தெரியவில்லை. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்லுகிறேன், நம்புங்கள்.

உங்கள் நூர்நிஷா


சார்ஜா
2 ஜூலை 2024

நூர்நிஷாவுக்கு,

துவையலில் இல்லையென்றால் வேறு எதிலாவது கலந்திருக்கலாம். விஷம் என்று தெரிந்தும் வீட்டுக்குள் வைத்தவள் நீ. மாஜிதா செடியைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீழே ஒரு இலையை வெட்டிய தடம் தெரிகிறது. அந்தச் செடியை உன்னைத் தவிர யார் தொடுவார்கள்? உம்மாவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. "திங்கவும் ஆகாது, பூக்கவும் செய்யாது, இதுக்கு ஒரு தொட்டியா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நீ சார்ஜாவுக்கு வரவேண்டாம் என்று உம்மா சொன்னது அதற்கு முந்தின நாள்தான். நீ கோபத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாயாம். மறுநாள் உம்மா ஆஸ்பத்திரியில்.

உனக்காகக் கொடுத்திருந்த விசா மனுவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இனி மாஜிதா சமைக்கட்டும். உன் கையால் உம்மாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதே. செடியைத் தூக்கி எறி.

உம்மாவின் உடம்பைப் பற்றி உடனே எழுது.

ஆசிக்


தென்காசி
14 ஜூலை 2024

மச்சானுக்கு, சலாம்.

உங்கள் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே எங்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மாமி செடிக்கு முன்னால் உட்கார்ந்து, மஞ்சளாகிப்போன ஒரு இலையைப் பாக்குவெட்டியில் வைத்திருந்தார்கள். "மாமி, தொடாதீங்க!" என்று ஓடினேன்.

"ஏட்டி, ஏன் இப்படிப் பதறுத? பழுத்த எலையத்தானே வெட்டுதேன். அன்னைக்கும் இதாலதான் வெட்டினேன்."

"பெறவு அதுலயே பாக்கு வெட்டிப் போட்டீங்களா?"

மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். "ஆமா" என்றார்கள். "நீ இல்லாதப்ப எலையெல்லாம் தொடைச்சுவிடுவேன். கண்ணுக்குக் குளுமையா இருக்கு. அவ்வளவு திட்டிட்டு இப்ப சொன்னா நீ சிரிப்பியேன்னுதான் சொல்லல" என்றார்கள்.

அப்போதே உங்களுக்குப் போன் போடச் சொன்னார்கள். நான்தான் தடுத்தேன். காரணம் தெரியாமலே நீங்கள் என்னை நம்புவீர்களா என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மாமி வாசிக்கச் சொன்னார்கள். மாஜிதாவும் இருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காதே என்ற இடத்தில் அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமச் சொல்லிட்டேன் மதினி" என்று அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நீங்கள் பல நாள் யோசித்து எழுதினீர்கள்.

விசாவுக்குத் திரும்பவும் மனு போட வேண்டாம். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து போகிறேன். மாமியும் சரி என்றுவிட்டார்கள்.

மாமி இப்போது பக்கத்தில்தான் இருக்கிறார்கள். "என்னட்டி எழுதுத?" என்று கேட்டார்கள்.

"உங்களுக்கு நல்லாயிட்டுன்னு எழுதுதேன்."

"ஒன்னப் பத்தி எழுதலியா?"

"அவரு ரெண்டு லெட்டர்லயும் கேக்கலியே மாமி."

நூர்நிஷா