கூடாரத்தின் முன்குச்சியை எடுத்தவன்

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனி முடியாது. பெங்களூர் சந்தாபுராவில் என் வீட்டு பால்கனியில் நம் கூடாரத்துணி ஈரத்தோடு தொங்குகிறது. ஏரிச் சேறும் நசுங்கிய புல்லும் கலந்த அந்த வாடை அறைக்குள் வருகிறது. நீ செத்துப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

வைட்ஃபீல்ட் ஆபீஸ் பஸ்ஸில், நகராத டிராஃபிக்கில், உன் போனில் இந்தக் கூடாரத்தை முதலில் காட்டினாய். இதற்கென்று தனிக் கம்பிகள் கிடையாது. மலையில் ஊன்றி நடக்கும் ட்ரெக்கிங் குச்சிகள் இரண்டுதான் தூண்கள். "முதுகுல வெறும் துணிதான் மச்சி. வீடு கையிலயே வருது," என்றாய். உன் தெருவோர சர்ச் மைதானத்தில் கட்டிப் பார்த்தோம். நான் குச்சியை முதலில் நிறுத்தினேன், மூன்று முறை சரிந்தது. "நாலு மூலைய அடி மொதல்ல. குச்சி கடைசி." அப்படியே செய்தேன். உள்ளே குனிந்து குச்சியை நீட்டி நிமிர்த்தியதும், செத்துக் கிடந்த துணி விறைத்துக்கொண்டு எழுந்தது. நாற்பத்து மூன்று வயதில் கைதட்டினேன். நீ பார்த்துவிட்டாய்.

பிறகு நம் மலையேறும் குழுவோடு சக்லேஷ்பூர் பக்கத்துப் புல்மேடு. ஆளுக்கொரு குச்சி, இரண்டும் கூடாரத்துக்குள் நின்றன. குழுவின் சாப்பாட்டு மூட்டையும் நம் படுக்கைப் பைகளும் அதற்குள்தான். நான் மற்றவர்களின் டென்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நீ முன்குச்சியை உருவிக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாய். துணி படுத்துவிட்டது, அதன்மேல் மழை. நான் ஓடிவந்து, ஏறி வந்துகொண்டிருந்த உன் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு மேலே பாய்ந்தேன். குழுத் தலைவர் அங்கே நின்றிருந்தார், குச்சி என் கையில்.

"யாருப்பா குச்சிய எடுத்தது?"

"இவன்தான் சார், தண்ணிக்குப் போறப்ப எடுத்துட்டான்," என்றாய்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என் காதில், "அப்புறம் சொல்றேன் மச்சி," என்றாய். அரிசி, ரொட்டி, படுக்கை எல்லாம் நனைந்து, மறுநாளே எல்லோரும் திரும்பினோம்.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. அந்த மாதம் குழு போட்ட இமயமலைப் பயணப் பட்டியலில் உன் பெயர் இருந்தது. கவனக்குறைவு என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். நீ பனியில் நிற்கும் போட்டோவை அனுப்பினாய், நான் பதில் போடவில்லை. அதற்கப்புறம் குழு கூடும் போதெல்லாம், "சார் வர்றாரு, குச்சிய எண்ணி வைங்கப்பா," என்று சிரிப்பு. நீயும் சேர்ந்து சிரித்தாய். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு குழுவிலிருந்து நின்றுகொண்டேன். உன் அடக்கத்துக்கு வந்தபோதுகூட ஒருவன் அதைச் சொல்லிவிட்டுத்தான் என் கையைக் குலுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் தாண்டி ஒரு ஏரிக்கரைப் பாறையில் தனியாகக் கூடாரம் கட்டினேன். நான்கு மூலை, பிறகு குச்சி. துணி விறைத்ததும் அதே பழைய சந்தோஷம். முகம் கழுவ ஏரிக்கு இறங்கினேன். சரிவில் இரண்டடி வைத்தேன், வலது முட்டி சுருக்கென்றது. ஆறு மாதமாக இருக்கும் வலி, யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து கையை உள்ளே விட்டு முன்குச்சியை உருவி, ஊன்றிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் பின்னால் துணி புஸ்ஸென்று அமர்ந்த சத்தம்.

அங்கேயே நின்றுவிட்டேன். கால் கேட்டால் ஒழிய, வீட்டின் தூணை எவனும் பிடுங்கமாட்டான். இறக்கம் வந்தால் நீ கடைசியில் வருவாய், "போட்டோ எடுக்கறேன், போங்கடா" என்பாய். பக்கவாட்டில் அடி வைப்பாய். முட்டி வலி என்று தெரிந்தால் தலைவர் இமயமலைக்குச் சேர்க்கமாட்டார். எல்லாம் ஒரே நொடியில். சேற்றுக் காலோடு உன் மனைவிக்குப் போன் செய்து, அப்போது உனக்கு முட்டி வலி இருந்ததா என்று கேட்டேன்.

"இமயமலை போறதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா முட்டிக்கு ஊசி போட்டுட்டு இருந்தாருண்ணா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன்னு சொன்னாரே."

பாறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இத்தனை வருடம் நீ என்னைக் கேவலமாக நினைத்ததால் சொன்ன பொய் என்று நம்பியிருந்தேன். உனக்கு அந்த மலை அவ்வளவு வேண்டியிருந்திருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் சொல்லியிருந்தால் குச்சியை எடுத்தது நான்தான் என்று நானே சொல்லியிருப்பேன். அதே பொய், ஆனால் அது என் பொய்யாக இருந்திருக்கும். அதை எனக்குத் தராமல் போய்விட்டாயே என்பதுதான் இப்போது கோபம்.

குழு உன் நினைவாக ஒரு சிறு புத்தகம் போடுகிறது. குச்சிக் கதையை நானே எழுதித் தந்தால் சுவையாக இருக்குமாம், தலைவர் செய்தி அனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் அவர்களே எழுதிவிடுவார்கள், அச்சிலும் நானே திருடன். உன் முட்டியைப் பற்றி எழுதலாமா என்று உன் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா. இனிமே யாரு அவர லிஸ்ட்ல இருந்து எடுக்கப் போறாங்க," என்றாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம், துணி எழுந்து நிற்கும் அந்த நொடிதான். அதை அடுத்த வாரமும் தூக்கிக்கொண்டு போவேன், முட்டிக்கு மூன்றாவதாக ஒரு குச்சியோடு. புத்தகத்துக்காக இந்தக் கடிதத்தையே தலைவருக்குத் தபாலில் அனுப்புகிறேன். கீழே பெயர் போடப்போவதில்லை. என் பெயரை அவர்கள் போதுமான அளவு சொல்லிச் சிரித்தாயிற்று. இனி அதை என் கையால் எழுதித் தரமாட்டேன்.