உன் செல்கள் பெருகின, அண்ணா

எனக்கு முன்னால் பிறந்து, முன்னால் போய்விட்ட என் அண்ணனுக்கு,

நேற்று பெங்களூரில் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. உன் தங்கை இப்போது டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை!

ஓசூரில் பைக் உதிரிபாகக் கம்பெனியில் நீ வேலைக்குச் சேர்ந்த வருஷமே உன் தலை நரைத்தது. நகங்கள் சொத்தையாகி உதிர்ந்தன. பிறகு உடம்பில் ரத்தம் ஊறுவது குறைந்தது. குடித்துக் கெட்டுப்போனான் என்று கம்பெனியில் பேசினார்கள். நீ குடித்ததே இல்லை.

செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் குரோமோசோம்களின் நுனி கொஞ்சம் தேயும். ரத்தத்தை உண்டாக்கும் செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி அந்தத் தேய்மானத்தை முடிந்தவரை ஈடுகட்டும். உனக்குப் பிறவியிலேயே அந்த நொதி போதவில்லை. அப்போதுதான் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த நான் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாய்.

"அப்ப இது குடியால வந்தது இல்ல. அதை மொதல்ல எல்லார்கிட்டயும் சொல்லு."

அன்று உன்னைப் பார்க்க வந்த ஷிப்ட் நண்பர்களிடம் சொன்னேன். தலை குனிந்தார்கள். அவர்கள் போனதும் நீ கையை நீட்டினாய்: "ஆராய்ச்சிக்கு என்னா வேணுமோ எடுத்துக்க."

மருத்துவர்கள் துளியளவு தோல் எடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் வரை நீ இருக்கவில்லை.

அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்தேன். சீக்கிரமே பெருகுவதை நிறுத்தின. இன்னொரு தட்டில், அந்த நொதியில் உனக்குக் குறைந்த பாகத்தின் மரபணுவைச் செல்களுக்குள் செலுத்தினோம். அவை நிற்கவில்லை, அண்ணா. நுனிகளை அளந்தோம்; நீண்டிருந்தன. நான் சிரித்தேனா, அழுதேனா?

இது இன்னும் மருந்தல்ல. புற்றுநோய்ச் செல்களும் பெரும்பாலும் இதே நொதியை வைத்துத்தான் சாகாமல் பெருகுகின்றன. தட்டில் நடந்தது உடம்பில் நடக்க எத்தனை காலமாகும்? கொஞ்சம் முன்பே தெரிந்திருந்தால் நீ இருந்திருப்பாயா?

நேற்று ஒரு பேராசிரியர், செல்களைக் கொடுத்தவர் யாரென்று கேட்டார். ஆய்வேட்டில் உன் பெயர் கிடையாது, வெறும் எண்தான். அதுவரை இங்கிலீஷில் பேசியவள், "எங்கண்ணன் குடுத்தது" என்றேன்.

முன்வரிசையில் இருந்த அம்மா நிமிர்ந்தார். "அவன் குடுத்ததா? நல்லா சத்தமா சொல்லு, கண்ணு."

சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உன்னைப் போல் பிறப்பவர்களுக்கு மருந்து கிடைக்கும்வரை இந்த வேலையை விடமாட்டேன்.

உன் பெருமையைச் சுமக்கும் தங்கை,
கலைவாணி