நடுவில் கட்டிய நீலக் கயிறு

இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தால் விரலெல்லாம் கிரீஸ் வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை. எல்லாம் உன் நீலக் கயிற்றின் வேலை. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, கயிற்றில் உன் துறைமுகத்து வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது.

உன் மனைவி ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தபோது, பரிசோதனை அறிக்கையைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்தாய். குரோமோசோம் ஒன்று கூடுதல் என்று அதில் எழுதியிருந்தது. உன் கவலை வேறு. தண்ணீர் லாரியில் குடம் பிடித்துத் தூக்கியதால்தான் கலைந்தது என்று உன் அம்மா சொல்ல, ஸ்டெல்லாவும் அதை நம்பிச் சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். "மெய்யாலுமே கொடந்தானா மாமு?" என்று கேட்டாய். எனக்கு உன் அம்மா மேல் அப்படியொரு கோபம்.

செல் இரண்டாகப் பிரியும் முன், நகலெடுத்த குரோமோசோம் இரண்டும் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அந்த இடுப்புதான் சென்ட்ரோமியர், இரண்டு பக்கத்து இழைகளும் அங்கேதான் பிடித்து இழுக்கும் என்றேன். நீ பையிலிருந்து இரண்டு துண்டு நீல நைலான் கயிறு எடுத்து, நடுவில் சணலால் இறுக்கிக் கட்டி, "இப்டியா?" என்றாய். அப்படியேதான். துறைமுகத்தில் இரும்புக் கட்டுக்கு ஸ்லிங் கயிறு மாட்டி, இரண்டு பக்கமும் விறைக்காமல் கிரேனுக்குக் கை காட்டாதவன் நீ. அடுத்த கேள்வியும் அங்கிருந்துதான் வந்தது.

"உள்ள கை காட்ட ஆளு கீறானா?"

ஆள் இல்லை, இழை மாட்டாத சென்ட்ரோமியரே 'பொறு, பொறு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் என்றேன். சில சமயம் அதையும் மீறி நழுவி, இரண்டும் ஒரே பக்கம் போய்விடும், அதுவும் முட்டையோ விந்தோ உருவாகும்போதே, கரு தங்குவதற்கு முன்பே.

டீ கூடக் குடிக்காமல் எழுந்து போனாய். மறுநாள் லாரி வரிசையில், தெருவே கேட்க, அம்மாவிடம் சொன்னாயாம்: "அவ கொடத்த தொடறதுக்கு முன்னாலயே ஸ்லிங்கு நழுவிட்ச்சிம்மா. யாரு மேலயும் தப்பு இல்ல." கூடவே, உடம்புக்குள் கிரேன் இருக்கிறது என்றும் அளந்து விட்டிருக்கிறாய். அது எக்ஸ்ரேயில் தெரியுமா என்று உன் தெருக்காரர் ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். ஆனால் அதன்பின் உன் அம்மா குடத்தின் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்துப் பிறந்த உன் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வாய் அப்படியே உன்னுடையது.

இன்று காலையில், கரு கலைந்த ஒரு பெண் அறிக்கை வாங்க வந்தாள். கவரைப் பிரிக்கும் முன்பே, "ஸ்கூட்டர் ஓட்னதாலயா சார்?" என்றாள். அந்த அறிக்கையிலும் அதே கூடுதல் குரோமோசோம். டிராயரிலிருந்து உன் கயிற்றை எடுத்துக் கொடுத்து, நீ சொன்னதையே சொன்னேன். அழுதுகொண்டே சணல் கட்டை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"யாரு சார் கட்னது?"

"என் தோஸ்து. ஆர்பர்ல ஸ்லிங்கு மாட்டுனவன்."

"மாமியார்கிட்ட காட்டிட்டு தரட்டா?"

கொடுத்தனுப்பிவிட்டேன்டா. திரும்பி வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கிரீஸ் வாசனை போக இன்னொரு முறை கை கழுவத்தான் எனக்கு மனசு வரவில்லை.