எந்த வேலையை விட்டீங்க?

என் அக்கா, போன இடத்திலும் யாரையாவது நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் டாக்டரம்மா,

பல்கலைக்கழகத்தில் நீ ஆரம்பித்துவிட்டுப் போன படிப்பை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மருத்துவர் உதவியாளர் பட்டப்படிப்பு என்றால் தஞ்சாவூரில் இன்னமும் "கம்பவுண்டர் வேலைங்களா?" என்கிறார்கள். நோயாளியிடம் விவரம் கேட்டு, உடம்பைப் பார்த்து, டாக்டரின் மேற்பார்வையில் வைத்தியத்துக்கு உதவுகிறவர்கள் என்று தொண்டை வறள விளக்குகிறேன். "சரிங்க, ஊசி போடுவாங்களா?" என்கிறார்கள். இதை நீ எப்படிச் சிரித்துக்கொண்டே சமாளித்தாய்?

இந்தப் படிப்பின் பின்னணியையும் நோக்கத்தையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னது பல்கலைக்கழகம். நடந்ததை எழுதினேன். பாபநாசம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் நீ ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்ததையும், நடவு முடிந்த பெண்கள் காலில் சேறு காயாமல் மொத்தமாக வந்து நின்றதையும் எழுதினேன். என்ன செய்கிறது என்றால் எல்லோரும் "ஒண்ணுமில்லம்மா, அசதிதான்" என்பார்கள். அதனால் நீ வலியைக் கேட்பதையே விட்டுவிட்டு, "எந்த வேலையை விட்டீங்க?" என்று கேட்பாய். "வயல்ல எறங்குறதில்லம்மா, வரப்புல நின்னு நாத்துமுடி எடுத்துக் குடுக்குறேன்" என்று பதில் வந்தால், குனிந்து நட மூச்சு இடம் கொடுக்கவில்லை என்று புரிந்துகொண்டு உடனே ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பாய். கூட்டத்தில் இதைக் கேட்கக்கூட நேரமில்லாமல் போனபோதுதான், கேட்கத் தெரிந்த ஆட்களைப் படிக்கவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் படியேறினாய்.

பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு என் பக்கத்தைத் திருத்தி அனுப்பியது. 'உலகத் தரம் வாய்ந்த மனிதவளம்' என்று ஆரம்பிக்கிறது. சேறும் இல்லை, நடவும் இல்லை. அதோடு விட்டார்களா? கடைசி வருடத்தில் மாணவர்கள் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் தங்கிப் பழகும் பயிற்சியையும் நோக்கங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"பிள்ளைங்கல்லாம் சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப்போறாங்க சார். அவங்களுக்கு எதுக்கு வரப்பு?" என்றார் குழுத் தலைவர், இன்றைக்கு நேரில் போய்க் கேட்டபோது.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோய் முத்திப்போய் வர்றதெல்லாம் யாரு சார்? நம்ம ஊர்க்காரங்கதான்" என்றேன். முடிவை நாளைக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் உன் ஸ்கூட்டர். கோபமெல்லாம் உன் பக்கம் திரும்பிவிட்டது. போன வருடம் திடீரென்று அதை எடுப்பதை நிறுத்தினாய். நான் கேட்டேனே அக்கா, உன் கேள்வியையே உன்னிடம் கேட்டேனே!

"ஏன்க்கா வண்டிய விட்டுட்ட?"

"ரோடு சரியில்லடா. பஸ்ஸுதான் சௌகரியம்."

வண்டிக்கு ஸ்டாண்டு போடவே மூச்சு வாங்கியது என்பதை, இதயம் பழுதாகி, கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபோதுதான் சொன்னாய். டாக்டர் சொன்னால் தம்பி நம்பாமல் என்ன செய்வான்? டெல்டா முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டவள், உன் முறை வந்தபோது ஏன் பொய் சொன்னாய்? இதற்கு மட்டும் உன்னை மன்னிக்க முடியவில்லை.

நாளைக்குப் போகிறேன். கிராமப் பயிற்சி திரும்ப வரும்வரை அந்த அறையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம். அவர்கள் திருத்திய பக்கத்தில் உன் கேள்வியையும் திரும்ப எழுதிவிட்டேன். அதற்குக் கீழே என் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பதில் சொல்கிறவர் டாக்டராக இருந்தால், இன்னொரு தடவை கேள்.

இன்னமும் கோபம் ஆறாத
உன் தம்பி,
சுந்தர்