சஹருக்கு விழுங்கிய குளிசைகள்

சாய்ந்தமருது
16.04.2024

அன்புள்ள இஹ்ஸான் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. நீங்கள் ஒரு போன் கோல் எடுக்கவில்லை என்று குறைப்படுகிறா.

உங்கள் புது மருந்து ஆய்வுக்கு என் கிளினிக்கிலிருந்து சேர்த்த நாற்பது பேரில் மருதமுனை றபீக்காவும் ஒருத்தி, தறி நெய்கிறவள். நேற்று மகள் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். கை நடுங்குகிறது, நூல் பிடிக்க ஏலாது. நாளுக்கு மூன்று வேளைக் குளிசையையும் நோன்பு மாதம் முழுக்க விடியமுன் சஹருக்கே ஒன்றாக விழுங்கியிருக்கிறாள். "நோன்பையும் விட ஏலாது, மருந்தையும் விடவேணாம் என்டு நீங்கதானே டொக்டர் சொன்னீங்க" என்கிறாள். விசாரித்தால், முப்பத்தொரு பேர் அப்படித்தான். மிச்சக் குளிசையை எண்ணினால் எல்லாம் சரியாக இருக்கும், அதில் ஏமாந்தேன். நோன்பு பிடிக்கிற நானே கேட்காமல் விட்டது என் பிழை. அறிக்கையில் உள்ளபடி எழுதுவோம்.

உங்கள் தங்கை
பஸ்மினா

கொழும்பு
22.04.2024

அன்புத் தங்கச்சி,

வஅலைக்கும் ஸலாம். உம்மாவிடம் இன்றே கதைக்கிறேன்.

எண்ணிக்கை சரி என்று நீயே சொல்கிறாய். பிறகென்ன, ஒழுங்காக எடுத்தார்கள் என்று போடு. றபீக்காவை 'சுயவிருப்பில் விலகினார்' என்று எழுது. அந்தச் சனத்துக்கு விளங்கப்படுத்தி முடியுமா? ஜூன் மாநாட்டுக்கு அறிக்கை போகவேண்டும். உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது, கையொப்பத்தை அனுப்பு.

காக்கா

சாய்ந்தமருது
27.04.2024

காக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கை கழுவினேன். அவ்வளவு அருவருப்பாக இருந்தது. அந்தச் சனம் யார்? நம் உம்மாவும் நோன்புக்குச் சீனி வருத்தக் குளிசையை அப்படித்தான் விழுங்குகிறா. றபீக்கா முந்தாநாள் விழுந்து வார்டில் கிடக்கிறாள். விலகினாளாம்! ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொல்லவே கூசுகிறது. நான் கையொப்பம் வைக்கமாட்டேன். நீங்களே திருத்துங்கள்.

பஸ்மினா

கொழும்பு
11.05.2024

தங்கச்சி,

கோபம் ஆறியிருக்கும். அறிக்கை போய்விட்டது. பழைய படிவத்திலிருந்த உன் கையொப்பத்தைப் பதித்துவிட்டேன். பிறகு நீயே சந்தோசப்படுவாய். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்ஷா அல்லாஹ் வருகிறேன்.

காக்கா

சாய்ந்தமருது
14.05.2024

தலைவர்,
ஆய்வு ஒழுக்கநெறிக் குழு.

ஐயா,

வைத்தியர் இஹ்ஸானின் மருந்து ஆய்வு அறிக்கையில் என் பெயரிலுள்ள கையொப்பம் நான் வைத்ததல்ல. முப்பத்தொரு பேரின் வாக்குமூலங்களையும், விசாரிக்காமல் விட்ட என் தவறை ஒப்புக்கொள்ளும் கடிதத்தையும், வைத்தியர் இஹ்ஸான் எனக்கு எழுதிய இரு கடிதங்களையும் இணைத்துள்ளேன். ஆய்வில் சேர்ந்த றபீக்கா இன்னும் தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
வைத்தியர் பஸ்மினா

பிரதி: வைத்தியர் இஹ்ஸான், கொழும்பு (இந்தப் பிரதியின் அடியில் மட்டும், கையெழுத்தில்:)

காக்கா, பெருநாளைக்கு உம்மாவைப் பார்க்க வாங்க. அன்டைக்கு நான் வீட்டில இருக்கமாட்டன்.