உன் அறையில் செருப்புப் பெட்டிகள்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கால் கடுக்க நின்றுகொண்டே இருக்காமல், நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு, மறைக்கிற வேலையை இங்கே நாங்கள் இரண்டு பேரும் போதுமான அளவு செய்துகொண்டிருக்கிறோம். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நல்லா இருக்கும்மா என்று அவரே முடித்துவிடுகிறார். அதோடு உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தை தோள்பட்டை வலியை உனக்காகவே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள், என் மருமக வந்து பிசியோதெரபி ஆரம்பிக்கட்டும், அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் கையை நீட்ட மாட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கடையில் மேல் தட்டுவரை எட்டுகிறாரே, நீ ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்த அண்ணன், அவர் கண்ணாடி போட்டுவிட்டார், இனிமேல் இடது கால் செருப்பையே இரண்டு கொடுத்து அனுப்ப மாட்டார் என்று நம்புகிறோம். நாம் புதிதாகக் கட்டிய சொந்தக் கட்டடத்தைப் பெரிய சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். முன்பக்கம் கடை பளபளவென்று இருக்கிறது. பின்பக்கம் நீ சிகிச்சை நடத்தப் போகிற உன் அறை.

உன் அறையைப் பற்றித்தான் எழுத வந்தேன். டைல்ஸ் வேலை பாக்கி என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். டைல்ஸ் எப்போதோ ஒட்டியாயிற்று, நீ கேட்ட அதே வழுக்காத டைல்ஸ்தான், ஆனால் அதைப் பார்க்க முடியாது, மேலே முழுக்கச் செருப்புப் பெட்டி. வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும், தரையிலிருந்து ஃபேன் இறக்கைக்குச் சற்றுக் கீழே வரைக்கும். கை கழுவ நீ வைக்கச் சொன்ன பேசினுக்குள் குழந்தைகள் சைஸ். நோயாளிகள் சிரமமில்லாமல் வர வேண்டும், அகலமான கதவு வேண்டும், சக்கர நாற்காலி ஏறச் சரிவு வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாயே, அந்தச் சரிவில் லோடு இறக்குகிறவர்கள் தள்ளுவண்டியை ஜம்மென்று ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு வசதியா குடோன் கட்டினவர் யாருமே இல்லைங்க என்று அப்பாவைப் பாராட்டுகிறார்கள் வேறு, அப்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீயோ அங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய், சிகிச்சைக் கட்டிலுக்குச் சொல்லிவிட்டாய், அதன் படத்தை அனுப்பி எந்தச் சுவரோரம் போடலாம்மா என்று கேட்டாய். பதில் சொல்ல எனக்குச் சுவரே தெரியவில்லை கண்ணு.

இதெல்லாம் தன் புத்தி கெட்டதனத்தால் வந்தது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை, நான்தான் காரணம். இன்ஜினியர் வீட்டுக்கு வந்த அன்று வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒரு ஷூ வைத்தார் அப்பா. எல்லாம் பேசி முடித்த பிறகு இன்ஜினியர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சரக்கு வைக்க ரூம் எங்க போடட்டும் என்று கேட்டார். ரூமா, இத்தனை வருஷமா நான் ரூம் இல்லாமத்தானே வியாபாரம் பண்றேன், அந்த இடத்துல பெரிய கண்ணாடி வைங்க, வர்றவங்க போட்டு நடந்து பார்க்கட்டும் என்றார் அப்பா. மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பழைய கடையைச் சுவருக்குச் சுவர் அளந்து அதைப் போல இரண்டு பங்கு கேட்டார், ஆனால் பழைய கடை என்பது நாலு எட்டு தள்ளி இருந்த நம் வீடும் சேர்ந்ததுதானே, அதை அவர் அளக்கவே இல்லை. வெளியே ஒரு ஜோடி காட்டினால் உள்ளே அதில் எல்லா சைஸும் இருக்க வேண்டும், அந்த உள்ளே எது? நம் கட்டிலுக்கு அடியும் அலமாரிக்கு மேலும் குளியலறைக்குப் போகிற வழியும்தான். அக்கா, பழுப்பு, எட்டு, வார் வெச்சது என்று பின்வாசலில் ஒட்டடைக்குச்சி குரல் கொடுத்தால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து நீட்டியது யார்? அந்த இன்ஜினியர் விவரமானவர், அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்க என்னம்மா சொல்றீங்க என்று கேட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னாலேயே கூரை வரைக்கும் பெட்டி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? டீ ஆறிடும், குடிங்க என்றேன்.

தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். நான் பேச்சை எடுத்தால், அதுக்கு எதுக்கு ஒரு ரூம், வழக்கம்போல வீட்லயே வெச்சுக்கலாம் என்று அப்பா சொல்லிவிடுவார், அதோடு என் வீட்டின் தலையெழுத்து முடிந்துவிடும் என்று பயந்தேன். சரக்கெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போகட்டும், அங்கே இடமில்லாமல் முழி பிதுங்கட்டும், அது கடையின் பாடு என்று கணக்குப் போட்டேன். எனக்கும் ஒரு நாளாவது பக்கவாட்டில் நடக்காமல் நேராக நடந்து என் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? புதுக் கடைக்குச் சரக்கு ஏற்றிய அன்று கடைசிப் பெட்டி வெளியே போனதும் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு நடுவில் நின்று சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி. மதியம் அப்பா போன் பண்ணினார், கடை நிரம்பிடுச்சு, ஒரு வண்டி மிச்சம் இருக்கு, வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று. காலி வீட்டில் நின்றுகொண்டு, இங்க இடமில்லைங்க, சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்காங்க என்றேன். ஒரு ஆளும் வரவில்லை. அங்கே மழை தூற ஆரம்பித்துவிட்டது, வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், அப்பா உன் அறைக் கதவைத் திறந்துவிட்டார். ரெண்டே நாள் என்றார். அதற்குள் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்துவிட்டது, கறுப்பு ஷூ லோடு லோடாக வந்து இறங்கியது. அதற்குப் பிறகு இன்ஜினியரிடம் ஓடினோம், காகிதத்தில இருந்தப்ப சொல்லியிருந்தா ஒரு கோடு, இப்ப அது சுவர் என்று தலையைச் சொறிந்தார்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சின்ன வயதில் வீட்டில் பெட்டி வழியும்போதெல்லாம் நாங்கள் முதலில் திறந்தது உன் அறையைத்தான். உன் தம்பி அறையில் வைத்தால் அவன் கத்தி ஊரைக் கூட்டுவான், நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய், பெட்டிமேல் பலகை போட்டுப் படித்துக்கொள்வாய். கத்துகிற பிள்ளைக்கு இடம் விட்டோம், கத்தாத பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொண்டோம். உனக்காகவே கட்டிய அறையிலும் அதையே செய்திருக்கிறோம், கை தானாக உன் கதவுக்குப் போகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டுத் தலையணை உறைக்குள் மடித்து வைத்திருந்தேன். இந்த மனிதரானால் குடோன் வாடகைக்குக் கிடைக்குமா என்று தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்து, நான் ஒரு முட்டாள், பொண்ணு ரூமைக் கெடுத்துட்டேன் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். உன்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டு இவரிடம் மூச்சு விடாமல் பரிமாறிக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த டீயை, இடமில்லை என்று சொன்னதை, வராத ஆளை. கோபப்படுவார் என்று பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நான் மட்டும் யோக்கியமா என்றார். இன்ஜினியர் கேட்டபோது அவருக்கும் ஒரு நொடி உறைத்ததாம், மிச்சம் மீதி எங்கே போகும் என்று. மிச்சத்தை நீ எப்படியும் பார்த்துக்குவியேன்னு நினைச்சுட்டேன், அதான் கண்ணாடி கேட்டேன் என்று அசடு வழிந்தார். நான் அவர் தலையில் கட்டப் பார்த்தேன், அவர் என் தலையில் கட்டப் பார்த்தார், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரில் இல்லாத உன் தலையில் கட்டிவிட்டோம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, சோறு ஆறிப்போனது.

மறுநாளே இன்ஜினியரைக் கூப்பிட்டோம். கடையின் பின்பகுதியைத் தடுத்துச் சரக்கு அறையாக்கப் போகிறோம். அப்பா ஆசைப்பட்ட பெரிய கண்ணாடி போகிறது, குனிந்து காலை மட்டும் பார்க்கிற சின்னக் கண்ணாடி போதும் என்று அவரே சொல்லிவிட்டார், சொல்லிவிட்டு அந்தப் பெரிய கண்ணாடியை ஒரு தரம் துடைத்தார். அலமாரி எப்படி வேண்டும் என்று இந்த முறை நான்தான் சொன்னேன், அடிக்கடி கேட்கிற சைஸ் கைக்கு எட்டுகிற உயரத்தில், பூட்ஸ் பெட்டிக்கு உயரத் தட்டு, ஈர ஓதம் இறங்குகிற சுவரில் ஒன்றும் சாய்க்கக் கூடாது, ஏணிக்கு ஒரு மூலை என்று. எழுதிக்கொண்டே வந்த இன்ஜினியர், இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா என்றார். தடுப்பு எழும்பும் வரைக்கும் பெட்டிகளை நானே வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மறுபடியும் பக்கவாட்டில் நடக்கிறேன், ஜன்னல் போய்விட்டது, பரவாயில்லை. உன் அறை காலி. ஆனால் சுவரெல்லாம் பெட்டி உரசிய தழும்பு, பேசினில் ஒரு விரிசல், வெள்ளையடித்தால் சுவர் தெளிந்துவிடும், பேசினை மாற்றிவிடலாம், நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கோபம் வந்தால் கோபித்துக்கொள் குட்டிம்மா, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, உன் அறைக்காக நீ ஒரு முறையாவது கத்தி நான் கேட்க வேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடு, கைராசிக்காரி என்று பெயரெடுத்து, நிம்மதியாக வாழ வேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். கட்டிலின் நீள அகலத்தை மறக்காமல் எழுதி அனுப்பு. அதற்கு முன்னால் ஒன்று, விரிப்பும் தலையணையும் எங்கே, கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற தண்டும் பட்டையும் எங்கே, வாளியும் துடைப்பமும் எங்கே என்று முதலில் குறித்துவிட்டு அப்புறம் கட்டிலுக்கு இடம் பார். நீ வந்ததும் வரைபடத்தை விரித்து, நீ என்னம்மா சொல்ற என்று என்னையும் ஒரு வார்த்தை கேள். டீ ஆறினால் ஆறட்டும், பதில் சொல்லிவிட்டுத்தான் குடிப்பேன்.

இப்படிக்கு,
உன் அறையைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கும்
அம்மா