ஹேஷ்டேக்கும் மூன்றாம் ஓலையும்

வரதராசன்பேட்டை,
மே 12, திங்கள்.

அன்பு மகள் ஏஞ்சல் மேரிக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், அயர்லாந்தில் நீ சுகமாயிருக்க அடைக்கல மாதாவிடம் மன்றாடுகிறேன் என்று எழுதாமல் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்கியதில்லை, இதையும் அப்படியே தொடங்குகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மாத்திரை வேளாவேளைக்குப் போடுகிறேன். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, கொதிக்கிறது. போனில் பேசினால் நீ நடுவில் "அம்மா ப்ளீஸ்மா, டூட்டிக்கு டைம் ஆச்சு" என்பாய், நான் வாயடைத்துப் போவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுசாகப் படி. படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் போடாதே.

நேற்றுப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை. முதல் இரண்டு ஞாயிறும் "மறைந்த சவரிராஜ், மரிய புஷ்பம் இவர்களின் குமாரத்தி ஏஞ்சல் மேரிக்கும், ஏலாக்குறிச்சி பெனடிக்டுக்கும்" என்று சாமியார் வாசித்தபோது உன் அப்பாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. நேற்றும் மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஜோடியின் பெயரை வாசித்தார், தாளை மடித்தார், ஆசீர்வாதம் கொடுத்துவிட்டார். கோவிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏஞ்சலுக்கு அங்கேயே ஒரு கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஒருத்தர் வந்து சொல்லியிருக்காரும்மா, விசாரிக்காம நான் ஓலை வாசிக்க முடியாது" என்றார். யாரென்று நான் விடாமல் கேட்டபிறகுதான் பெயரைச் சொன்னார். கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது.

எல்லாம் நீ வைத்த அந்த ஹேஷ்டேக்கால் வந்த வினை. ஒரு மாசம் நீயும் பெனடிக்டும் உன் சிநேகிதிகளும் குரூப் ஆரம்பித்து ஓட்டெடுத்தீர்களே. நீளமாக இருக்கக்கூடாது, இரண்டு பேர் பெயரும் வரவேண்டும், பார்த்தவர்களுக்கு மறக்கவே கூடாது என்று எத்தனை நியாயம் பேசினீர்கள். என்னிடமும் ஓட்டு கேட்டாய், எது நல்லா இருக்கோ அதை வை பாப்பா என்றேன், அது என் தப்பு. கடைசியில் #ஏஞ்சல்வெட்ஸ்பென் என்று முடிவு செய்து, கல்யாண அட்டையின் அடியில் தங்க எழுத்தில் இங்கிலீஷில் போட்டு, "படங்களை இந்தக் குறியில் பதிவிடவும்" என்று வேறு எழுதச் சொன்னாய். ஜெயங்கொண்டம் அச்சகத்தில் நான்தான் இரண்டு மணி நேரம் காத்திருந்து எழுத்துச் சரியா என்று பார்த்தேன். அடியே, அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை தேடிப் பார்த்தாயா நீ? நாய்க்குட்டிக்குப் பெயர் வைத்தால்கூடப் பக்கத்து வீட்டு நாய்க்கு அதே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்களே. பெரிய படிப்பு படித்தவளுக்கு இது தோன்றவில்லையா?

சாமியாரிடம் போய்ச் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? உன் ஞானமுத்து மாமா. அப்பா இல்லாத குறைக்கு உன்னைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டிய என் கூடப்பிறந்த அண்ணன். கோவிலிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முந்திரிக் கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார், அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையாண்ணே, உன் தங்கச்சி செத்தா போயிட்டேன் என்று வாசலில் நின்றே கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் குரல் எழும்பவே இல்லை. "நான் என்ன பண்ணுவேன் புஷ்பம்? தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னு ஓலை வாசிக்கிறப்ப சாமியார் சொல்றாருல்ல. கண்ணால பாத்துட்டு கம்முனு இருந்தா அந்தப் பாவம் யாருக்கு? உங்கிட்ட வந்து சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். அட்டையில் போட்டிருக்கிறதே, மருமகள் கேட்டிருக்கிறாளே என்று, மகன் பூவரசனின் போனை வாங்கி அந்தக் குறியைத் தட்டிப் பார்த்திருக்கிறார் மனுஷன். முதலில் வந்த படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம்.

அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். கடற்கரை. ஒரு வெள்ளைக்காரன் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிறான், அவன் தோளில் சாய்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி, கல்யாண கவுன், கையில் பூச்செண்டு. உன் நிறம், உன் உயரம், இடுப்புவரை அதே முடி. மேலே உன் பெயர். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு விரலால் அந்தப் படத்தைப் பெரிசாக்கி, அவள் இடது கையைத் தேடினேன். முழங்கைக்குக் கீழே பார்த்தேன். ஆறு வயசில் நான் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓடிவந்து கையை நீட்டினாயே, கொட்டை எண்ணெய் தெறித்து தோல் வழன்று போனதே, அந்தத் தழும்பு. அவள் கையில் இல்லை. இது என் பிள்ளை இல்லைண்ணே, இது என் பிள்ளை இல்லை என்று அலறினேன். அதற்கப்புறம்தான் பூவரசன் வந்து அதற்குக் கீழே இருந்த இன்னொரு படத்தைத் தள்ளிக் காட்டினான். அதில் முகம் நன்றாகவே தெரிகிறது, எவளோ ஒரு மகராசி, போன வருஷமே கல்யாணம் முடித்திருக்கிறாள். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் எனக்கு உறைத்தது. என் மகள் அப்படிச் செய்திருக்கமாட்டாள் என்று சொல்ல எனக்கு அந்தத் தழும்பு ஏன் வேண்டியிருந்தது? அண்ணன் சாமியாரிடம் போனார், நான் உன் கையைத் தேடினேன், இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? பெற்றவளையே பிள்ளையைச் சந்தேகப்பட வைத்துவிட்டாயே பாவி. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பாதிக் கோபம் உன் மேல், பாதி என் மேல், எதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இந்தத் தாளில் கொட்டுகிறேன்.

நேற்றுச் சாயந்தரமே பூவரசனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமியாரிடம் படத்தைக் காட்டினேன். அவர் நம்பிவிட்டார். ஆனாலும் ஒருத்தர் வந்து சொன்னபிறகு எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்கிறார். உனக்கு அங்கே கல்யாணம் எதுவும் ஆகவில்லை என்று அந்த ஊர்ப் பங்குச் சாமியார் ஒரு கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதத்தை நான் மாசியிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டேன். நேரமில்லை என்றாய். ஓட்டெடுக்க மட்டும் நேரம் இருந்ததாக்கும்! சம்பந்தியம்மா ஏலாக்குறிச்சியிலிருந்து போன் போட்டு, "ஒண்ணும் இல்லதானங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நாளைக்கே லீவு போட்டுவிட்டுப் போய் அந்தக் கடிதத்தை வாங்கி அனுப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தாக வேண்டும். ஹேஷ்டேக்கை மாற்று, ஊர்ப் பெயரையோ வருஷத்தையோ சேர்த்து வை, வைக்கும் முன்னால் தேடிப் பார். மிச்சமிருக்கும் அட்டைகளில் அந்தத் தங்க எழுத்தின் மேல் நான் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், விரலெல்லாம் பசை. பிறகு மாமாவுக்கு நீயே போன் போடு. அவர் உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போகத் தனக்கு யோக்கியதை இல்லை, வேறு யாரையாவது பார் என்கிறார். நான் திட்டியது போதும், நீ திட்டாதே. மாமா, நீங்கதான் வரணும் என்று மட்டும் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே. மாதா உன்னையும் பெனடிக்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போட்டோவில் தழும்பு தெரியக்கூடாது என்று கல்யாண ரவிக்கைக்கு முழுக்கை வைக்கச் சொல்லி டெய்லர் ஜெயலட்சுமிக்கு அளவு அனுப்பியிருந்தாயே, இன்று காலையில் போய் அதை அரைக்கையாக வெட்டச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். யார் எத்தனை படம் போட்டாலும் அதில் என் பிள்ளை எது என்று எனக்குத் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
மரிய புஷ்பம்.